உரிக்காத பழம்

அந்த வருடம் தை, மாசி மாதத்துச் சனிக்கிழமைகளை நான் மிளகு மூட்டைகளின் மேல் உட்கார்ந்து கழித்தேன். அம்மா பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்குப் போயிருந்தார். வெள்ளிக்கிழமை வரை பள்ளிக்கூடம் என்னைப் பார்த்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை அத்தா வீட்டில் இருப்பார். இடையில் மிஞ்சிய அந்த ஒரு நாளுக்கு என்னை யாரிடம் விடுவது என்று தெரியாமல், சேந்தமங்கலத்திலிருந்து கொல்லிமலைக்கு மிளகு வாங்கப் போகும்போது என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டார்.

மலைமேல் செம்மேட்டில் அவர் வாடகைக்கு எடுத்திருந்த கடை ஒரே அறை. அதில் ஒரு தராசு, சாக்குகள், ஒரு நாற்காலி, நான். நாற்காலி அத்தாவுக்கு. வருகிறவர்கள் "பாய் பொண்ணா?" என்று கேட்பார்கள். நான் தலையாட்டுவேன். அதற்கு மேல் என்னிடம் யாருக்கும் வேலை இல்லை. எனக்குப் பத்து வயது.

ஒரு சனிக்கிழமை, மிளகு கொண்டுவந்த ஒருவருடன் அவருடைய இரண்டு பெண்களும் வந்தார்கள். மூத்தவள் பழனியம்மாவுக்கு என் வயது. இளையவள் சின்னப்பொண்ணுக்கு வாய் அதிகம். கூடவே இரண்டு நாய்கள். ஒன்றின் பெயர் மணி. இன்னொன்றுக்குப் பெயர் வைக்க யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை போலும். "ஏய்" என்றால் வந்தது.

சின்னப்பொண்ணு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இவ ஏன் மூட்டை மேல ஒக்காந்திருக்கா? இவளையும் எடை போடப் போறாங்களா?"

அவளுடைய அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாய், புள்ளய இவங்களோட அனுப்புங்க. எங்க காடு பக்கந்தானுங்க. இவங்கம்மா அங்க மிளகு பறிக்குது. சோறு தின்னுட்டு வரட்டும்."

அத்தா யோசித்தார். பிறகு என்னிடம் தணிந்த குரலில், "போ. நாயத் தொடாத, கிட்டயும் சேக்காத. மீறினா அடுத்த வாரம் அனுப்ப மாட்டேன்" என்றார். நான் சரி என்றபோது மூட்டையிலிருந்து பாதி இறங்கியிருந்தேன்.

நல்ல வெயில். ஆனாலும் மலை வெயில் சுடுவதில்லை. முதுகில் யாரோ கை வைத்திருப்பதுபோல் கூடவே வந்தது. ஒற்றையடிப் பாதை, பலாமரங்கள், அப்புறம் மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காடு. பழனியம்மா முன்னால், சின்னப்பொண்ணு நடுவில், நான் கடைசியில்.

"உங்கூர்ல மலை இருக்குதா?" என்று சின்னப்பொண்ணு கேட்டாள்.

"இருக்கே. இதுதான். எங்க ஊட்டு மாடியில நின்னா தெரியும்."

"அப்ப எங்களயும் பாத்திருக்கியா?"

"அவ்வளவு தூரத்துல ஆளு தெரியாது."

"நான் செவப்புப் பாவாடை கட்டிக்கிட்டு நிக்கறேன். பாரு."

பார்க்கிறேன் என்று சொன்னேன். அம்மா போனதிலிருந்து யாரும் என்னிடம் இவ்வளவு பேசியதில்லை. பாதை ஏறிய இடத்தில் மூச்சு வாங்கி நின்றேன். மற்ற இருவரும் முன்னால் போய்விட்டார்கள். மணி மட்டும் திரும்பி வந்தது. வந்து, தொங்கிக்கொண்டிருந்த என் வலது கையை, உள்ளங்கையிலிருந்து விரல் நுனிவரை, நிதானமாக நக்கியது. வெதுவெதுப்பாக இருந்தது. உடனே இழுத்திருக்க வேண்டும். இழுக்கவில்லை.

நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் போட்டு. வீட்டில் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். செய்வது பெரிய காரியமில்லை. யாருக்கும் தெரியாமல் செய்ய வேண்டும், அதுதான் சிக்கல். மணி நக்கியதை இவர்களிடம் சொன்னால் இவர்கள் அப்பாவுக்குப் போகும். அங்கிருந்து அத்தாவுக்கு. அதோடு என் சனிக்கிழமை முடிந்தது. கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடி, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் நடந்தேன்.

காட்டில் அவர்கள் அம்மா மரத்தில் சாய்த்திருந்த ஒற்றை மூங்கில் ஏணியிலிருந்து இறங்கி வந்தார். வந்ததும் செய்த முதல் காரியம், நான் தள்ளிப் பிடித்திருந்த அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டது.

"வா சாமி. பாய் பொண்ணா? கை என்ன இப்படிச் சில்லுனு இருக்குது? பசியா?"

ஈரம் அவர் கைக்கும் போயிருக்கும் என்ற எண்ணம்தான் ஓடியது. அவர் என்னை விட்டதும் குடிசை ஓரத்தில் இருந்த பானையிடம் போனேன். ஊற்றிலிருந்து சுமந்து வந்த தண்ணீர். சொம்பில் மொண்டு, மண்ணை அள்ளித் தேய்த்து, மனதுக்குள் எண்ணிக்கொண்டே கழுவினேன். திரும்பியபோது மூவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்தானே சோறு போடப் போகிறார் என்று நினைத்தேன். அதனால், மிகுந்த மரியாதையோடு, சொம்பை நீட்டினேன். "அக்கா, நீங்களும் கையக் காட்டுங்க. ஊத்தறேன். கொஞ்சம் மண்ணும் போட்டுக்குங்க."

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். மிளகுக் கறை படிந்த கைகள்.

"எங்கம்மா சோப்புப் போட்டுத்தான் குளிக்குது" என்றாள் சின்னப்பொண்ணு.

"சும்மா இருடி" என்றார் அவர். கைகளை நீட்டினார். நான் ஊற்றினேன். மண்ணும் போட்டுக்கொண்டார். ஒரு வேலை சரியாக முடிந்த திருப்தி எனக்கு.

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். மூடியைத் திறந்ததுமே வாசனை வந்துவிட்டது. ஆனால் எனக்கு இலை போடவில்லை. அவர் குடிசைக்குள் போய் ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தை அப்படியே கொண்டுவந்து, நான் உட்கார்ந்திருந்த பாறையின் மறுமுனையில் வைத்தார். "நீயே உரிச்சுத் தின்னுக்க கண்ணு. யாரும் தொடல." அவர்கள் குடிசையோரம் வட்டமாக உட்கார்ந்து சோறு சாப்பிட்டார்கள். பழம் நன்றாகத்தான் இருந்தது. விருந்தாளிக்கு உயர்ந்ததைக் கொடுத்திருக்கிறார்கள், அதை விட்டுச் சோறு கேட்பது அழகில்லை என்று நானே முடிவு செய்து மூன்று பழம் தின்றேன். மணி என் பக்கத்தில் வந்து படுத்தது. கையை மடிக்குள் வைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது பழனியம்மா மட்டும் கொண்டுவந்து விட்டாள். வழியெல்லாம் எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தாள்.

வேன் அடிவாரத்துக் காரவள்ளியை நோக்கி வளைந்து வளைந்து இறங்கும்போது அத்தாவிடம் பெருமையாகச் சொன்னேன். "அவங்க சோறுதான் தின்னாங்க. எனக்கு மட்டும் பழம்."

"உரிச்சுக் குடுத்தாங்களா?"

"இல்லத்தா. சீப்பாவே வெச்சாங்க."

அத்தா சட்டென்று என் பக்கம் திரும்பினார். மலைக்காரர் கைபட்ட சோற்றைத் தொடாதவர்கள் கீழேயிருந்து வருவதுண்டு. அவர்களைச் சங்கடப்படுத்தாமல் உரிக்காத பழத்தை வைத்துவிடுவது அங்கே வழக்கம். அத்தாவுக்கு அது தெரியும். எனக்குத் தெரிய இன்னும் பல வருடங்கள் இருந்தன.

"அந்த ஊட்ல நான் எத்தனையோ தரம் சோறு தின்னிருக்கனே" என்றார். பிறகு, "நீ அங்க என்ன பண்ணுன?"

நாய் ஞாபகம் வந்தது. "ஒண்ணும் பண்ணல" என்றேன். மறுபடி கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை அவர்கள் வந்தார்கள். அத்தா அவர்களுடைய அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, என்னென்னவோ கேட்டுப் பார்த்தார். அவர் "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க பாய்" என்று சிரித்தார். பெண்கள் இருவரும் வாசலோடு நின்றுவிட்டார்கள். நான் ஓடிப்போய், "காட்டுக்குப் போலாமா?" என்றேன்.

"இன்னைக்கு வேல இருக்குது" என்றாள் பழனியம்மா.

சின்னப்பொண்ணு ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு அது வழக்கமில்லை. சிவப்புப் பாவாடை கட்டியிருந்தாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டியிருந்தாள். நான் ஒரு அடி முன்னால் வைத்தால், கைகளை எடுக்காமலே ஒரு அடி பின்னால் போனாள்.

எனக்கு ஒரே சந்தோஷம். எனக்காக எதையோ ஒளித்து வைத்திருக்கிறாள். கொய்யாக்காயாக இருக்கலாம், பொன்வண்டாக இருக்கலாம், மணி போட்ட குட்டியாகக்கூட இருக்கலாம், ஆனால் மணி ஆண் நாய். அவர்கள் போன பிறகும், அது என்னவாக இருக்கும் என்று மூட்டை மேல் உட்கார்ந்து சாயங்காலம் வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.