லாத்தாவின் இடுப்பு

பரங்கிப்பேட்டையில் எங்கள் தெரு ஆண்களில் பாதிப் பேர் பினாங்கில் இருந்தார்கள். அறுபதுகளில் அவர்களுக்குப் போன கடிதங்களை எழுதியவள் நான். தெருப் பெண்களில் தமிழைத் தடங்கலில்லாமல் எழுதத் தெரிந்தது எனக்கு மட்டும்தான். அந்தப் பெருமை வேறு எனக்கு.

கடிதம் சொல்ல வந்து உட்காருகிறவள் முதலில் வலியைத்தான் சொல்வாள். ஒருத்திக்கு முட்டி, ஒருத்திக்குத் தோள்பட்டை, ஒருத்திக்கு விடிந்தால் தலைவலி. வலியில்லாத வீடு ஒன்றுகூட இல்லை. இருக்காதா பின்னே? நல்ல தண்ணீருக்கு அரை மைல் நடை, இடுப்பில் குடம், பிள்ளை மேல் பிள்ளை. புருஷன் எப்போது வருவானென்ற கவலையில் தூக்கமும் கிடையாது. எல்லாம் உடம்பில்தானே வந்து இறங்கும்? சொல்லி முடித்ததும், "அதெல்லாம் எழுதாத, அவுங்க அங்க வெசனப்படுவாங்க" என்பார்கள். நானும் "அல்லாஹ் கிருபையால் இங்கு யாவரும் சுகம்" என்று எழுதிவிடுவேன்.

என் லாத்தா, அதாவது மூத்த அக்கா, மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு நிமிர்ந்து நடக்கவில்லை. நாற்பது நாள் படுத்திருக்க வேண்டியவள், மாமியாருக்கு முடியவில்லை என்று பத்தாம் நாளே குடத்தைத் தூக்கினாள். நாலு வருசம் கழித்துத்தான் சிதம்பரத்து டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஆறு மாசம் குனியக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது, இல்லையென்றால் இந்த வலி போகவே போகாது என்றார் அவர்.

"மச்சான் வந்து நின்னாத்தான் என்னப் படுக்க விடுவாங்க. வரச் சொல்லி எழுது. இந்த வாட்டி மறைக்காத" என்றாள் லாத்தா.

நான் எழுதவில்லை. தெருவில் யாருக்குத்தான் வலியில்லை, இவள் மட்டும் புருஷனைக் கூப்பிடுகிறாளே என்று எனக்குக் கடுப்பு. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்? வழக்கம்போல யாவரும் சுகம் என்றே எழுதி ஒட்டினேன்.

பதிலையும் நான்தான் படித்துக்காட்டினேன். எல்லாரும் சுகமாக இருப்பதால், முதலாளி கேட்டுக்கொண்டபடி இன்னும் மூன்று வருசம் இருந்துவிட்டு வருவதாக மச்சான் எழுதியிருந்தார். முதல் வார்த்தைகளை விழுங்கிவிட்டு மீதியைப் படித்தேன்.

"என் வலிய எழுதுனல்ல?"

"எழுதுனேன் லாத்தா." பாவி, அப்படித்தான் சொன்னேன்.

"தெரிஞ்சுமா வரல?"

இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து தண்ணீருக்குப் போனாள். அதற்குப் பிறகு வலிக்கிறது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.