வலது பக்கக் கதவு

நான் ஓட்டும் வேனில் வலது பக்கம் இறங்கினால் நடைபாதை. எட்டு மாதமாகியும் உடம்பு அதை நம்பவில்லை. கனடாவில் வாகனம் வலது பக்கம் போகிறது, ஸ்டியரிங் இடது பக்கம். பார்சல் கொடுக்க சீட்டை விட்டு எழும்பி, வலது கதவைத் தள்ளி, ஒரே படியில் இறங்க வேண்டும். நான் அந்தப் படியில் நின்று பின்னால் பார்ப்பேன். புல்தான் இருக்கும். பிறகுதான் இறங்குவேன்.

வேலை பழக்கிய வெள்ளைக்காரர் இதைக் கவனித்தார். "சாமி கும்பிடுகிறாயா?" என்று கேட்டார். விளக்க எனக்கு இங்கிலீஷ் போதாது. "யெஸ்" என்றேன். அன்றிலிருந்து நான் படியில் நிற்கும்போதெல்லாம் ரேடியோவைக் குறைத்தார். நல்ல மனிதர். வேனின் கதையையும் அவர்தான் சொன்னார். முன்பு பால்காரன் வீடு வீடாக நடக்க, வண்டிக் குதிரை தானே அடுத்த வாசலில் போய் நிற்குமாம். மோட்டாருக்கு அந்தப் புத்தி இல்லை. அதனால் ஆள் சட்டென்று ஏறி இறங்க வண்டியை மாற்றினார்களாம். தரையைத் தாழ்த்தி, கூரையை உயர்த்தி, நின்றபடியே ஓட்டவும் வழி செய்தார்கள். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் ஒரு கதவு வைத்தார்கள். சாமான் எடுக்க ரோட்டில் இறங்கத் தேவையில்லை.

அந்த நடுக் கதவுதான் எனக்குப் பெரிய கஷ்டம்.

இலங்கையில், எங்கள் மாத்தளையில் அண்ணன் ஒரு பேக்கரியின் பாண் வேன் ஓட்டினார். தட்டுகள் சரியாமல் பிடிக்க நான் பின்னால் இருப்பேன். நடுவில் தகரச் சுவர். பின்கதவுக்குக் கொக்கி வெளியில். ஒவ்வொரு கடையிலும் அண்ணன் இறங்கி வந்து எனக்குத் திறந்துவிட வேண்டும். பக்கத்து அலுவிகாரையில் ஒரு காலை அப்படித்தான் வலது பக்கம் இறங்கினார். அங்கே வலது பக்கம் என்றால் நடு ரோடு. பின்னால் வந்த பஸ் அடித்தது. எனக்குச் சத்தம் மட்டும் கேட்டது. இருட்டில் கதவைக் குத்திக்கொண்டே இருந்தேன். யாரோ வந்து கொக்கியைத் தூக்க நேரமாயிற்று.

அண்ணனின் முறிந்த கால் ஒருமாதிரி பொருந்தியது. பிறகு சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்து அதே காலைப் பிடித்தது. இன்று காலை வேலை நடுவே அண்ணன் வீடியோவில் கூப்பிட்டார். அங்கே பொழுது சாய்ந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டில்.

"நாளைக்குக் காலையில வெட்டுறாங்க தம்பி. முட்டுக்குக் கீழ."

"வேற வழி இல்லையாண்ணே?"

"இருந்தா வெட்டுவாங்களா? அத விடு. தொரை ஓட்டுற வேனைக் காட்டுங்க, பாப்போம்."

போனைத் திருப்பினேன். நடுக் கதவைத் திறந்து பின்னால் நடந்தேன்.

"அட, உள்ளுக்குள்ளயே நடக்கிறியா?"

"ஆமாண்ணே."

"அப்ப ஒனக்கு யாரும் எறங்கி வந்து கதவு தொறக்கத் தேவல்ல."

சிரித்தார். ஊருக்கு வருகிறேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. விசாப் பேப்பர் முடியவில்லை, போனால் திரும்ப விடமாட்டார்கள்.

அடுத்த வாசல் வந்தது. பார்சலோடு படியில் நின்றேன். பின்னால் பார்த்தேன். புல்லும் பனியும். அலுவிகாரை பஸ் போய் முடியட்டும் என்று நின்றேன்.