ஒரு கைக்குக் கறந்த மாடுகள்

ஊரில் எல்லோரும் அவளைத் தொழுவத்தம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் இந்தப் பெயர் கிடையாது. எந்தப் பெயருமே கிடையாது. மாமியாருக்கு அவள் "ஏய்", நாத்தனாருக்கு "இந்தா". புருஷன் அதுகூடச் சொல்லமாட்டான், தொண்டையைக் கனைப்பான். ஒரு கனைப்பு என்றால் தண்ணீர், இரண்டு என்றால் சாப்பாடு. மூன்றாவது கனைப்புக்கு அவன் அர்த்தம் வைக்கவில்லை, சளிக்காக விட்டுவைத்திருந்தான் போல.

தண்ணீர் இழுத்தாள், களை பறித்தாள், களத்தில் தூற்றினாள், சாணம் அள்ளினாள். ஆனால் ஒருமுறை காய்ச்சலில் மூன்று நாள் படுத்தபோது வீடு அதுபாட்டுக்கு நடந்தது. அவள் இல்லையே என்று ஒரு பானைகூடக் காலியாக இருக்கவில்லை. காய்ச்சலைவிட அதுதான் அவளைப் படுத்தியது.

அந்த வீட்டில் மரியாதை உள்ள வேலை ஒன்றே ஒன்று, பால் கறப்பது. நிலம் ஆறு மாதத்துக்குத்தான் சோறு போடும். மீதி ஆறு மாதம், பால் வாங்கும் வீடுகள் தரும் தானியத்தில்தான் அடுப்பு எரிந்தது. கறந்துகொண்டிருந்தவள் நாத்தனார். அவள் கல்யாணமாகிப் போனதும் செம்பு இவள் கைக்கு வந்தது. வந்ததை இவள் விடவில்லை.

கறக்கும்போது ஒரு மெட்டை முனகுவாள், எப்போதும் அதே மெட்டு. ஒரே துணியைத்தான் கட்டிக்கொண்டு போவாள். பசுவின் தாடைக்குக் கீழே சொரிந்துவிடுவாள், மடியைக் கழுவுவாள், விரலில் எண்ணெய் தொட்டுக்கொள்வாள். அந்த நேரத்தில் தொழுவத்துக்குள் ஈ காக்கையை விடமாட்டாள். இரண்டு வருஷத்தில் மூன்று மாடும் அவளுக்கு மட்டும் கறக்கும் மாடுகளாகிவிட்டன. வேறு யாராவது உட்கார்ந்தால் பாலை அடக்கிக்கொண்டு கல் மாதிரி நிற்கும். ஒருநாள் புருஷன் கறந்து பார்க்கப் போய், கண்ணுக்குக் கீழே குளம்படி வாங்கிக்கொண்டு வந்தான்.

"உன் கைதான் கை" என்றான்.

கல்யாணமாகி மூன்றாவது வருஷத்தில் கேட்ட முதல் நல்ல வார்த்தை அது. அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்தக் குளிர்ச்சியில்தான் வாழ்நாள் முழுக்க மாட்டிக்கொண்டாள். தன்னைக் கட்டிப்போட ஆள் தேடிப் போகவேண்டிய அவசியமே அவளுக்கு இருக்கவில்லை, பாருங்கள்.

பிறகு, கிழடானவை போய் அவற்றின் கன்றுகள் கறவைக்கு வந்தபோதும் அதே கைதான், ஒரு வேளை தவறக்கூடாது. தவறினால் மடி வீங்கும், காம்பு புண்ணாகும், பால் வாங்கும் வீடுகள் வேறு வாசலுக்குப் போய்விடும். பெற்ற தாய் செத்ததற்கே காலையில் கறந்துவிட்டுப் போய், சாயங்காலம் கறக்க வந்து சேர்ந்தாள். ஐந்து பெற்றாள், இரண்டுதான் தங்கின. மூத்தது மகன், கடைசி மகள். அந்த மகள் அம்மாவின் முகத்தைவிட முதுகைத்தான் அதிகம் பார்த்து வளர்ந்தாள். தொழுவத்து வாசலில் உட்கார்ந்துகொண்டு, யார் அடித்தார்கள், எங்கே விழுந்தேன் என்று அன்றைய கதையெல்லாம் அந்த முதுகிடம் சொல்லுவாள்.

"எனக்கும் கறக்கக் கத்துக் குடும்மா" என்று பத்து வயதில் கேட்டாள்.

"உன் கை வலிக்கும் கண்ணு."

வலிக்கும்தான். ஆனால் அதற்காகச் சொல்லவில்லை. பங்கு கொடுக்க மனம் வரவில்லை. பத்து வயதுக் குழந்தையிடம்கூட வரவில்லை, அவ்வளவு ஏழையாக இருந்தாள் அந்த விஷயத்தில்.

மகளை வண்டியில் இரண்டு நாள் தூரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அங்கே மாமியார் இல்லை, மாப்பிள்ளையும் அவளும்தான். முதல் பிரசவத்துக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினாள். மூன்று மாடும் கறவையில் இருந்த நேரம். "அடுத்த வாரம்" என்றாள் தொழுவத்தம்மா. அடுத்த வாரம் வந்தபோது பிள்ளை இல்லை என்ற செய்தியும் வந்தது. அன்றைக்கும் கறந்தாள். முனகல் மட்டும் வரவில்லை, மாடுகள் திரும்பித் திரும்பிப் பார்த்தன.

இரண்டு வருஷம் கழித்து மறுபடி சேதி வந்தது. "இந்தத் தடவை அம்மா பக்கத்துல இருந்தா போதும், வேற ஒண்ணும் வேணாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். நாள் கணக்குப் பார்த்தால் ஒரு மாதம் இருந்தது.

"போறேன்" என்றாள் புருஷனிடம்.

"மாடு?"

"மருமகளுக்குப் பழக்கிட்டுப் போறேன்."

அவன் கனைத்தான். அது எத்தனையாவது கனைப்பு என்று அவள் எண்ணவில்லை.

மருமகள் நல்ல பெண், ஆனால் பயந்தாங்கொள்ளி. மாமியாரின் கறவைத் துணியைக் கட்டிக்கொண்டு, அந்த மெட்டை நடுங்கிக்கொண்டே முனகினாள்.

"அத்தை, இது என்னை முறைக்குது."

"அது எல்லாரையும்தான் முறைக்கும். கல்யாணமான புதுசுல உங்க மாமாவும் என்னை இப்படித்தான் முறைச்சாரு. உக்காரு, ஒண்ணும் ஆகாது."

"மாமா உதைக்கலையே அத்தை."

இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். அந்தத் தொழுவத்தில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. இத்தனை வருஷம் இதைத் தள்ளிவைத்தோமே என்று அவளுக்கு ஒரு நொடி தோன்றியது.

பன்னிரண்டாம் நாள் இரண்டு மாடு மருமகளுக்குப் பால் விட்டன. மூன்றாவதுதான் விடவில்லை. அதற்கு வீட்டில் மகராணி என்று பேர், நடப்பும் அப்படித்தான்.

"ரெண்டு போதும், நீங்க கிளம்புங்க அத்தை. மகராணிய கன்னுக்குட்டி குடிச்சிட்டுப் போகட்டும்" என்றாள் மருமகள்.

"குட்டி சின்னது, அவ்வளவும் குடிக்காது. மடி கட்டிக்கும். நாள்தான் இருக்கே, இன்னும் ரெண்டு நாள் பாப்போம்."

சொன்ன காரணம் சரிதான். ஆனால் மகராணி மருமகளை உதறித் தள்ளிவிட்டுத் தன் பக்கம் கழுத்தை நீட்டியபோதெல்லாம் நெஞ்சுக்குள் ஒரு மூலையில் இனித்தது. அது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் இரண்டு நாளை நான்காக்கினாள், நான்கை எட்டாக்கினாள். இந்த இடத்தில் எனக்கு அவள் மேல் கோபம்தான் வருகிறது.

இருபதாம் நாள் சாயங்காலம் அவள் தொழுவத்துச் சுவருக்கு வெளியே மறைந்து நின்றாள். உள்ளே முனகல் கேட்டது. வெகுநேரம் அது மட்டும்தான் கேட்டது. பிறகு செம்பின் அடியில் சர்ரென்று பால் இறங்கும் சத்தம். சத்தம் நிற்கவே இல்லை. செம்பு நிறைய நிறைய அது கனமாகிக்கொண்டே போனது.

"அத்தை! விட்டுடுச்சு அத்தை!"

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷப்பட வேண்டிய நேரம். இத்தனை வருஷம் கட்டிக்காத்தது இருபது நாளில் போய்விட்டதே என்று அழுகைதான் வந்தது. மறுநாள் விடிந்ததும் வண்டி ஏறினாள்.

போய்ச் சேர்ந்தபோது மகள் வீட்டுக் கொல்லையில் புது மண் மேடு ஒன்று இருந்தது, ஒரு முழம்கூட இருக்காது. நாள் முந்திக்கொண்டு வலி வந்திருக்கிறது. மாப்பிள்ளை மருத்துவச்சியைக் கூப்பிட ஓடியிருக்கிறான். அவர்கள் வருவதற்குள் மகள் தனியாகவே பெற்றுவிட்டாள். குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. நான்கு நாளாகிறது.

"கூட ஒரு பொம்பளை இருந்து கொடியை எடுத்துவிட்டிருந்தா போதும்மா" என்றாள் மருத்துவச்சி. குத்திக்காட்டச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். எத்தனையோ கன்றுகளுக்குக் கொடி எடுத்துவிட்ட கை தொழுவத்தம்மாவுடையது. அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். பன்னிரண்டாம் நாளே கிளம்பியிருந்தால் என்ற கணக்கை மனசு போட்டுவிட்டது. வலி வருவதற்கு நான்கு நாள் முன்னாலேயே வந்து சேர்ந்திருப்பாள்.

மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மார்பில் பால் கட்டி, துணி நனைந்திருந்தது.

"வந்துட்டியாம்மா."

"வந்துட்டேன் கண்ணு."

மகள் திரும்பவில்லை. குரலில் கோபமும் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"அண்ணியா கறக்குறாங்க?"

"ஆமா."

"மகராணியும் விட்டுச்சா?"

விட்டது என்று சொல்லலாம். சொன்னால், பழக்கினால் பழகுகிற மாடுதானா அது, முதல் பிள்ளைக்கே பழக்கியிருக்கலாமே என்று மகள் நினைப்பாள். கேட்கமாட்டாள், நினைப்பாள்.

"இல்ல கண்ணு. அது யாருக்கும் விடாது. என் கை மட்டும்தான்."

 மகள் கையைப் பின்னால் நீட்டி அம்மாவின் முழங்காலை மெதுவாகத் தட்டினாள்.

"அதான் வரமுடியல, எனக்குத் தெரியும்மா. அவர்கிட்டகூட அதான் சொன்னேன். நீ நாளைக்கே கிளம்பிடு. மடி வீங்கிடும், பாவம்."

ஒரு மாதம் தங்குவதற்கென்று துணி கட்டிக்கொண்டு வந்திருந்தாள் தொழுவத்தம்மா. அன்று முழுக்க மகளுக்குத் தலை வாரினாள், கால் அமுக்கினாள், கஞ்சி ஊட்டினாள். இரண்டு தடவை உண்மையைச் சொல்ல வாயெடுத்து, இரண்டு தடவையும் விழுங்கிவிட்டாள். மறுநாள் காலை, அவசரமாகப் போகவேண்டியவள் மாதிரி மூட்டையை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.