எடை போடாத செம்பு

செம்புக் கம்பி வியாபாரிக்கு நான் நாற்பதாயிரம் கடன்பட்டிருந்தேன். சனிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் என் மோட்டார் பட்டறை அவருக்கு என்று எழுதி வாங்கியிருந்தார். இன்று என்னிடம் எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். அன்று நான் ஒற்றை ஆள். படித்தது மூன்றாம் வகுப்புதான், ஆனாலும் ஓடுகிற மோட்டாரின் சத்தத்தை வைத்தே உள்ளே எந்தக் காயில், அதாவது செம்புச் சுருள், கருகப்போகிறது என்று சொல்லிவிடுவேன். எனக்கு ஈடாகக் காயில் சுற்றத் தெரிந்தவன் இந்த வட்டாரத்தில் ஒருவன்தான். அவனைக் கம்பிக்காரன் என்போம்.

ஒல்லியான ஆள், மூன்று பெண்களுக்குத் தகப்பன். காயில் கட்டும் நூலைப் பல்லில் கடித்தபடியே இருப்பதால் பேச்சு குறைவு. கருகிய மோட்டாரில் கழற்றிய செம்பை வீட்டுக்குக் கொண்டுபோனான் என்று முன்பு வேலை பார்த்த கடையில் துரத்திவிட்டார்கள். எடுத்தானா இல்லையா, அது அவனுக்கும் ஆண்டவனுக்கும்தான் வெளிச்சம்.

அந்த வாரம் நூல் ஆலையில் பன்னிரண்டு மோட்டார் எரிந்தன. நான்கு நாளில் வேண்டுமாம். எனக்கோ ஏணியிலிருந்து விழுந்து தொடைவரை மாவுக்கட்டு. கம்பிக்காரனுக்கு ஆள் அனுப்பினேன். பாலுக்குப் பூனையைக் காவல் வைக்கிறீர்களே என்று என் மனைவி முணுமுணுத்தாள். அவன் வந்ததும் செம்பு விஷயத்தை அவனிடமே கேட்டுவிட்டேன்.

"எடுத்தேன்னு சொன்னா உடனே நம்புவீங்க. எடுக்கலைன்னு சொன்னா நம்புவீங்களாண்ணே?"

எங்கள் தொழிலில் மாலையானால் கழற்றிய செம்பை எடை போட்டுத்தான் ஆளை வீட்டுக்கு அனுப்புவோம். நான் தராசைப் பரண்மேல் ஏற்றச் சொன்னேன். பட்டறைச் சாவியையும் அவனிடமே கொடுத்தேன். அவன் திருடினால் பட்டறை போகும். அவன் இல்லாவிட்டாலும் போகத்தான் போகிறது. இந்தக் கணக்குக்கு மூன்றாம் வகுப்பே அதிகம்.

பன்னிரண்டும் ஓடின. சனிக்கிழமை ஆலையில் பணம் வாங்கி வரவும் அவனைத்தான் அனுப்பினேன். பதினொரு மணிக்குப் போனவன் நான்காகியும் வரவில்லை. எதிர் பெஞ்சில் வியாபாரி உட்கார்ந்திருந்தார்.

"கம்பிக்காரன் கம்பி நீட்டிட்டான். பூட்ட எடுங்க முதலாளி."

எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. விட்டுக்கொடுப்பேனா? வருவான் என்று சொல்லி அவருக்கு மூன்றாவது டீ வரவழைத்தேன். அதுவும் கடன்தான்.

ஐந்து மணிக்கு வியர்த்து வழிய வந்து நின்றான்.

"பதினோரு மோட்டாருக்குத்தான் காசுன்னாங்கண்ணே. மிச்சத்தையும் குடுத்தாத்தான் எந்திரிப்பேன்னு அங்கேயே உக்காந்துட்டேன்."

பணத்தை என்னிடம் நீட்டினான். நான் வாங்கவில்லை, அவனையே எண்ணிக் கொடுக்கச் சொன்னேன். வியாபாரி உள்ளங்கையை நீட்டினார். கம்பிக்காரன் விரலில் எச்சில் தொட்டு, ஒவ்வொரு நோட்டாக, நாற்பதாயிரத்தையும் அந்த உள்ளங்கையில் எண்ணி வைத்தான்.