பொன்னாடை இல்லாத ஊர்

யாராவது காரணம் சொல்லாமல் பிரியாணி போட்டால் இப்போதெல்லாம் நான் தட்டை நீட்டுவதில்லை. அதற்கு ஒரு ஜெர்மானிய ஊரும் ஓர் அக்காவும் காரணம்.

வால்வு தயாரிக்கும் கம்பெனி ஒன்றின் வேலையாக அந்த ஊரில் சில வருடங்கள் இருந்தேன். சுற்றிலும் கோட்டைச் சுவர், நடுவில் ஒரு சதுக்கம், அவ்வளவுதான் ஊர். சிங்கப்பூர் மார்சிலிங்கில் நாலு அடுக்குமாடி புளோக் ஆட்களைக் கொண்டுபோய் விட்டால் நிறைந்துவிடும். ஆனால் ஒரு காலத்தில் அது யாருக்கும் அடங்காத ஊர். எங்கோ தூரத்தில் இருந்த பேரரசர் ஒருவருக்கு மட்டும் கட்டுப்பட்டது. பக்கத்துப் பிரபுக்கள் யாரும் அங்கே வாலாட்ட முடியாது. ரொட்டி சுடுகிறவர்களும் தோல் பதனிடுகிறவர்களும் கூடி உட்கார்ந்து வழக்கைத் தீர்த்தார்கள், வரி போட்டார்கள், இரவானால் தங்கள் கோட்டை வாசலைத் தாங்களே பூட்டிக்கொண்டார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அவர்களுடைய சத்திய நாள். வருடத்துக்கு ஒருமுறை ஊரே சதுக்கத்தில் கூடும். முதலில் மேயர் கைதூக்கி மக்களுக்குச் சத்தியம் செய்வார். அதன் பிறகுதான் மக்கள் அவருக்கு. அந்த வரிசை மாறக் கூடாது.

சிங்கப்பூர் திரும்பியதும் எங்கள் வாசகர் வட்டத்தில் மாதம் ஒரு பகுதியாக இந்த வரலாற்றைச் சொல்ல ஆரம்பித்தேன். தேக்கா பக்கம் ஒரு புளோக்கின் கீழ்த்தளத்து அறையில் பத்துப் பேர் கூடுவோம். தலைவர் கிடையாது. மேடை, மாலை, பொன்னாடை எதுவும் கிடையாது. பிரமுகர்களுக்கெல்லாம் பொன்னாடை போர்த்தி முடிப்பதற்குள் நேரம் போய்விடும் விழாக்களில் உட்கார்ந்து நொந்துபோனவர்கள்தான் நாங்கள். வருடத்துக்கு ஒருவர் பொறுப்பு, அவ்வளவே.

அந்த வட்டத்தில் கிடைத்தவர்தான் அக்கா. கூடப் பிறந்தவர் இல்லை. எனக்கு அக்கா இல்லாத குறையைத் தீர்த்தவர். மாதா கோயில் பாடகர் குழுவை நடத்துகிறவர். "ரொட்டி சுடுறவங்களே ஊரை ஆண்டாங்களா? சூப்பர் லா!" என்று முதல் நாளே கைதட்டினார். பெண்களுக்கு அந்தச் சபையில் இடமில்லை என்று சொன்னபோது, "அதான் கடைசியில கோட்டை விட்டிருப்பாங்க" என்று அறையையே சிரிக்க வைத்தார். அவர் பொறுப்பேற்ற வருடம், நாமும் சத்திய நாள் கொண்டாடலாம் என்றார். விளையாட்டுதான். ஆனாலும் அவர் எழுந்து நின்று, "இந்த வட்டத்தை எவன் கையிலயும் கொடுக்க மாட்டேன், யாருக்கும் பொன்னாடை போர்த்த மாட்டேன்" என்று சொன்னபோது எனக்குச் சிலிர்த்தது. பிறகு நாங்களும் கைதூக்கினோம்.

அந்த ஊர் எப்படி முடிந்தது என்பதைக் கடைசிப் பகுதிக்கு வைத்திருந்தேன். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. கிளமெண்டியில் என் வீட்டுக்குக் கீழே டீக்கடையில் தே தாரிக் குடித்தபடி நச்சரித்தார்.

"என்கிட்ட மட்டும் சொல்லு மா. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

சொன்னேன். பிரெஞ்சுப் படைகள் அந்தப் பக்கத்தையே புரட்டிப்போட்ட காலத்தில், அண்டை அரசர் ஒருவர் ஊரைக் கேட்டார். சண்டையே நடக்கவில்லை. மேயர் பேசி முடித்துவிட்டார். மக்களைக் கேட்கவில்லை; கேட்டால் மறுப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். ஒருநாள் சதுக்கத்தில் காரணம் சொல்லாமல் எல்லாருக்கும் இலவசமாக மது ஊற்றினார்கள். ஊர் குடித்துச் சிரித்துக்கொண்டிருந்தபோதே வாசல் சாவி கைமாறிவிட்டது.

"மேயருக்கு என்ன கிடைச்சுது?"

"ஒரு பதக்கம், ஒரு பதவி."

"ம்ம்," என்றார் அக்கா. அந்த 'ம்ம்' என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

அடுத்த கூட்டத்துக்குப் போனபோது கதவிலேயே பிரியாணி வாசம். "என்ன விசேஷம் அக்கா?" என்றேன். "சும்மாதான். முதல்ல சாப்பிடு மா." சாப்பிட்டேன். இன்னொரு கரண்டியும் கேட்டு வாங்கிக்கொண்டேன். தட்டில் பாதி இருக்கும்போது இரண்டு பேர் வந்து சுவரில் பேனர் கட்டினார்கள். ஒரு பெரிய சங்கத்தின் பெயர் கொட்டை எழுத்தில். கீழே பொடி எழுத்தில் 'வாசகர் வட்டப் பிரிவு'. சங்கத் தலைவர் வந்தார், பின்னாலேயே படமெடுப்பவர். எங்கள் வட்டம் சங்கத்தோடு இணைந்துவிட்டதாம். அக்கா சங்கத்தின் துணைத்தலைவராம். இனிமேல் கூட்டம் தஞ்சோங் பகாரில், குளிர்சாதன அரங்கில், தலைவர் முன்னிலையில்.

"நம்மகிட்ட கேட்கவே இல்லையே," என்றார் ஒருவர் மெதுவாக. அவர் வாயிலும் சோறு இருந்தது. மற்றவர்கள் எச்சில் கையோடு கைதட்டவும் முடியாமல் விழித்தார்கள்.

அந்த அறையில் அந்த ஊரின் முடிவு தெரிந்தவர்கள் நானும் அக்காவும்தான். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டார். அதற்கான கத்தியையும் நானே தீட்டிக் கொடுத்திருக்கிறேன்.

பிறகு அக்கா மைக்கைப் பிடித்தார். "ஜெர்மானிய வரலாற்றைத் தமிழில் தந்த நம் சகோதரியைச் சங்கத்தின் சார்பில் சிறப்பிக்கிறோம்." பச்சைச் சரிகைப் பொன்னாடை. கை கழுவக்கூட விடவில்லை. போர்த்தும்போது என் காதருகே குனிந்தார்.

"கோவிச்சுக்காதே மா. சின்னதா இருந்து என்ன சாதிச்சோம், சொல்லு? எல்லாம் நம்ம நல்லதுக்குத்தான் லா."

படமெடுப்பவர் சிரிக்கச் சொன்னார். மசாலாக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன். பொன்னாடை போர்த்த மாட்டேன் என்று எங்களுக்கு முதலில் கைதூக்கிச் சத்தியம் செய்தவள் அவள்.