அசையாத முதுகு

புனேயிலிருந்து கடக்வாஸ்லாவுக்குப் போகும் சாலையில், சைக்கிள் கூட்டத்தின் நடுவில் மிதித்துக்கொண்டிருந்தபோது, எனக்கு முன்னால் ஓடிய சக்கரம் ஒரு கணம் காணாமல் போனது. மறுபடி கண் தெரிந்தபோது என் சக்கரம் அதை உரசப் பார்த்தது. பசி மயக்கம் என்று நினைத்து, வாழைப்பழம் ஒன்றைத் தின்றுவிட்டு மேலே மிதித்தேன். முதல் அறிகுறி அதுதான்.

மார்பில் கருவி வைத்த பிறகும் சைக்கிள் ஓட்ட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தைரியம் சொல்வதற்காக அல்ல. என்னிடமே அது கையிருப்பு குறைவு.

தாபோடியில் பாதுகாப்புத் துறைப் பட்டறை ஒன்றில் எனக்கு வேலை. தொண்ணூறுகளில், புனேயைச் சுற்றி நடந்த சாலைப் பந்தயங்களில் நாற்பது தாண்டியவர்களுக்கான பிரிவில் ஓட்டத் தொடங்கினேன். ஞாயிற்றுக்கிழமையும் வீட்டில் தங்குவதில்லை என்று திட்டு வாங்குகிற கூட்டம் நாங்கள். கிழவர்கள் பந்தயம்தானே என்று எண்ணிவிடாதீர்கள். இளைஞன் கால் பலத்தில் ஓட்டுவான். நாங்கள் அடுத்தவன் முதுகுக்குப் பின்னால் காற்றுக்கு ஒளிந்து, அவன் களைத்த நேரம் பார்த்துத் தாண்டுவோம். பிறகு அவனோடே உட்கார்ந்து மிசள் பாவ் சாப்பிடுவோம்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கிளம்பும் முன் ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்து நாடி பார்ப்போம். பயிற்சியில் பலப்பட்ட இதயம் நிதானமாகத் துடிக்கும். ஆகவே நாடி குறைந்தவனே அன்றைக்கு ராஜா. முன்சக்கரம் கண்ணுக்கு மறைந்த அந்த மாதங்களில் என் நாடி குறைந்துகொண்டே போனது. "அரே மணி, உள்ளே ஏதாவது இருக்கா இல்லையா?" என்று இந்தியில் கேலி செய்வான் என் பந்தயத் தோழன் ஷிண்டே. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு காலை, குளியலறை வாசலில் விழுந்தேன்.

மருத்துவமனையில் இ.சி.ஜி. (இதயத்தின் மின்னோட்டப் பதிவு) எடுத்தார்கள். மருத்துவர் என் மகள் வயதுப் பெண். நான் பந்தயக்காரன், என் நாடி அப்படித்தான் இருக்கும் என்று அவருக்கே விளக்கம் சொன்னேன். அவர் பொறுமையாக இந்தியில் பதில் சொன்னார்: "அங்கிள், மெதுவா வர்றது வேற. வழியிலேயே நின்னுபோறது வேற."

கம்ப்ளீட் ஹார்ட் பிளாக் (இதயத்தின் மேலறையில் பிறக்கும் மின்துடிப்பு கீழறைக்குப் போய்ச் சேராத நிலை, ரத்தக்குழாய் அடைப்பு அல்ல) என்றார். இத்தனை ஞாயிறுகளாக நோயைத்தான் பந்தயம் கட்டிப் பாராட்டியிருக்கிறோம்.

பேஸ்மேக்கர் (தோலுக்கடியில் வைத்து, கம்பி வழியாக இதயத்தைத் துடிக்கவைக்கும் சிறு கருவி) பொருத்தினார்கள். காயம் ஆறியது. நடந்தேன், மாடிப்படி ஏறினேன். மருத்துவர் சைக்கிளுக்கும் அனுமதி கொடுத்தார். என் மனைவி கமலா கொடுக்கவில்லை.

"நீங்க பாட்டுக்கு ரோட்டுல விழுந்து கிடப்பீங்க. நான் ஆம்புலன்ஸ்காரன்கிட்ட எந்த பாஷையில அழறதுங்க?"

இருபது வருடமாக அவள் காய்கறிக்காரரிடம் மராத்தியில் சண்டை போடுகிறவள். அன்று அவளுக்கு எந்த மொழியும் போதவில்லை.

இருந்தும் போனேன். சிங்ககட் கோட்டை மலை ஏற்றத்தின் முதல் வளைவிலேயே மூச்சு நின்றதுபோல் ஆனது. கால் கேட்கிறது, இதயம் கொடுக்கவில்லை. பந்தயக்காரன் மேட்டில் யாருக்காகவும் நிற்க மாட்டான். ஷிண்டே நின்றான். அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது.

மறுநாள் மருத்துவர் என்னை நடைக்கூடத்தில் நடக்கவைத்தார். துடிப்பு ஒழுங்காக ஏறியது. பிறகு நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளில் ஏற்றினார். மிதித்தேன், வியர்த்தேன், திரையில் துடிப்பு அப்படியே கிடந்தது. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தவர் கேட்டார்:

"உங்க முதுகு ஏன் அசையவே மாட்டேங்குது?"

"அசையக் கூடாது. அப்படித்தான் பழகியிருக்கோம்."

முதுகில் டீ டம்ளர் வைத்தாலும் தளும்பக் கூடாது. அதுதான் தேர்ந்த ஓட்டியின் அடையாளம். என் கருவியோ உடம்பின் அசைவை வைத்துத்தான் துடிப்பைக் கூட்டும். நான் மலை ஏறும்போது அது, இவர் படுத்திருக்கிறார் என்று எண்ணிக்கொள்கிறது. மருத்துவர் கருவியின் அமைப்பைச் சற்று மாற்றிவிட்டு, "முழுசா சரியாகாது அங்கிள். தோளை ஆட்டி ஓட்டிப் பாருங்க" என்றார்.

புதிதாகப் பழகுகிறவன்போல ஆடி ஆடி ஓட்டக் கற்றேன். இளைஞர்கள் சிரித்துக்கொண்டே தாண்டிப் போகிறார்கள். பந்தயம் இனி இல்லை. கமலா சைக்கிளைப் பற்றிப் பேசுவதில்லை. நான் திரும்பும்வரை பால்கனியில் துணி காயப்போடுகிறாள், காய்ந்த துணியையும்.

முன்பெல்லாம் மேடு வந்த பிறகுதான் மேடு. இப்போது சமதரையிலேயே தோளை ஆட்டத் தொடங்குகிறேன். சாலை நிமிரும், கால் ஏறத் தொடங்கும், இதயம் மட்டும் இன்னும் வந்திருக்காது. மற்றவர்களுக்கு அது இரண்டு மூச்சு நேரம். எனக்கு அதற்குள் கமலா, மகள், ஷிண்டேயின் முகம் எல்லாம் வந்துபோகும். பிறகு மார்புக்குள் அது வேகம் பிடிக்கும்.

இதுவரை வந்திருக்கிறது.