பாதிக் கிணறு

சிட்லபாக்கத்தில் ஞானம்மாள் டீச்சருக்கு ஒரு வீடும் பாதிக் கிணறும் இருந்தன. மீதிப் பாதி பின்வீட்டுப் பொன்னியம்மாளுடையது. மனையை இரண்டாகப் பிரித்தபோது கிணற்றின் குறுக்கே உத்தரம் போட்டு மதிலை எழுப்பிவிட்டார்கள். மேலே சுவர், கீழே ஒரே தண்ணீர். விடிந்ததும் இருவரும் அவரவர் பக்கம் வாளி இறக்குவார்கள். குனிந்தால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தண்ணீரில் தெரியும். எட்டு வருஷப் பேச்சும் அப்படித்தான். வாசல்கள் வேறு வேறு தெருவில் இருந்ததால் போக்குவரத்து கிடையாது.

டீச்சர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாரிடமும் கை நீட்டாதவர், யாருக்கும் பிடி கொடுக்காதவர். தாம்பரத்தில் ஒரு பள்ளியில் வேதியியல் நடத்தினார். அதில் அவருக்குப் பிடித்தது, அணுக்கள் எலக்ட்ரான்களைப் பங்கு போட்டுக்கொள்ளும் சகப்பிணைப்பு. சோடியம் எலக்ட்ரானைக் கொடுத்துவிடும், குளோரின் வாங்கிக்கொள்ளும். இந்தக் கொடுக்கல் வாங்கலே அவருக்கு ஆகாது. ஹைட்ரஜன் அணுக்கள் அப்படியில்லை. ஆளுக்கொரு எலக்ட்ரானைப் பொதுவில் வைத்து, இரண்டுமே இரண்டு பேருக்கும் சொந்தம் என்று நிம்மதியாக இருக்கும். நம் கிணறு மாதிரி என்று நினைத்துக்கொள்வார்.

1988 ஆடியில், ஒரு புதன்கிழமை காலை பொன்னியம்மாள் கிணற்றுக்குள் குனிந்து கேட்டார்.

“டீச்சர், செவுத்துல ஒரு கதவு வெச்சுக்கலாமா? நீங்களும் தனியா கீறீங்க, நானும் தனியா கீறேன்.”

டீச்சருக்குச் சுருக்கென்றது. தன் தனிமையை இன்னொருவர் வாய்விட்டுச் சொன்னது பிடிக்கவில்லை. பார்க்கலாம் என்று சொல்லி வாளியோடு உள்ளே போய்விட்டார்.

மறுநாளிலிருந்து அந்தப் பக்கம் ராட்டினச் சத்தமே இல்லை. கோபம் போலிருக்கிறது, தானாக வரட்டும் என்று இருந்தார். இவராக ஒரு குரல் கொடுத்தால் குறைந்தா போய்விடுவார்? கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் சித்திகா என்ற மாணவி எழுந்து, அணுக்கள் தள்ளி இருந்துகொண்டே பங்கு போட்டுக்கொள்ள முடியாதா என்று கேட்டாள்.

“முடியாதும்மா. கிட்ட வரணும். வந்தாத்தான் பிணைப்பு.”

சொன்னவருக்கு அதற்குமேல் பாடம் ஓடவில்லை. சாக்பீஸை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் முதன்முறையாகத் தெருவைச் சுற்றிக்கொண்டு பொன்னியம்மாள் வாசலுக்குப் போனார். பூட்டுத் தொங்கியது. புதன்கிழமை மத்தியானமே அவருக்குக் கை கால் விழுந்துவிட்டது, மகன் வந்து ஓசூருக்குக் கூட்டிப் போய்விட்டான், இனி வரமாட்டார் என்று எதிர்வீட்டு அம்மணி சொன்னாள்.

“ஒட்டின வூடாச்சே, உங்களுக்குத் தெரியாதா டீச்சர்?”

டீச்சர் தெருவைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார். விடிந்ததும் கிணற்றில் குனிந்து, “கதவு வெச்சுக்கலாம்மா” என்றார். தண்ணீரில் ஒரு முகம்தான் இருந்தது.